பேச்சித்தாய் கையால் ஒரு சிட்டிகை சீனி

மேலகரம் பேச்சித்தாய்க்குப் பொய் சொல்ல வராது. இதைக் கேட்டதும் ஆகா, உத்தமி என்று யாரும் கையெடுத்துக் கும்பிட வேண்டாம். அப்படிக் கும்பிட்டவர்கள் எல்லாம் அவள் பக்கத்து வீட்டில் குடியிருக்காதவர்கள். சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது. அவளுக்குப் பொய் வராது, அவ்வளவுதான். நல்ல நாள், பெரிய நாளில் மனிதர்கள் ஒருவருக்கொருவர் சும்மா சொல்லிக்கொள்கிற சின்னச் சின்னப் பொய்கள் இருக்கின்றனவே, அவைகூட வராது. 'வாங்க வாங்க, இப்பத்தான் உங்களை நெனச்சேன்' என்று அவள் யாரையும் வரவேற்றது கிடையாது. நினைத்திருக்க மாட்டாள், ஆகையால் சொல்ல மாட்டாள்.

எதிர்வீட்டு மாடத்தி தலைப்பிள்ளையைப் பெற்று மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளை எப்படி இருக்கான் என்று ஆசையாகக் கேட்டாள். பேச்சித்தாய் பிள்ளையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்பம் ஒண்ணும் சொல்லிக்கிடுத மாதிரி இல்ல. வளந்தா சரியாப் போவான்" என்றாள். சொக்கம்மாள் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினபோது வந்தவர்கள் எல்லாரும் அரண்மனை என்றார்கள். பேச்சித்தாய் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்துவிட்டுப் புகை போக வழியில்லை என்றாள். வழி இல்லைதான். சொக்கம்மாள் இன்றைக்கும் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் சமைக்கிறாள். ஆனால் பால் காய்ச்சுகிற அன்றைக்கு அதைச் சொல்லவேண்டுமா என்பதுதான் சொக்கம்மாளின் கேள்வி. நியாயமான கேள்வி.

புருஷன் சுடலைக்கண்ணு மலையடிவாரத்தில் வேர், இலை, பட்டை பறித்துத் தென்காசி பீர் மைதீன் நாட்டு மருந்துக் கடைக்குக் கொடுக்கிறவர். சரக்கைக் காயப்போட்டுப் புடைத்துத் தரம் பிரிப்பது பேச்சித்தாயின் வேலை. ஒருநாள் கடையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தவளிடம், வாங்க வந்த ஒருவர் இந்த நன்னாரி புதுசா என்று கேட்டுவிட்டார். போன வருஷத்து வேர், மணம் போய்விட்டது என்று சொல்லிவிட்டாள். பீர் மைதீன் மறுநாள் சுடலைக்கண்ணுவைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் சரக்கு மட்டும் வந்தால் போதும் ஓய், வீட்டுக்காரம்மா வரவேண்டாம் என்றார். சுடலைக்கண்ணு தலையை ஆட்டிவிட்டு வந்தார். அவருக்குத் தலையை ஆட்டிப் பழக்கம். கட்டின நாளிலிருந்து அவர் மனைவியிடம் எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டது கிடையாது. கேட்டால் பதில் வந்துவிடும்.

இதெல்லாம் ஊரோடு போயிற்று. ஊர் கோபித்துக்கொண்டால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், மூன்றாம் நாள் முறத்தை இரவல் கேட்டு வரும். அண்ணன் விஷயம் அப்படிப் போகவில்லை.

அண்ணன் அய்யாக்குட்டி தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் மிட்டாய்க்கடை வைத்திருந்தார். அம்மையும் அப்பனும் ஒரே வாரத்தில் காலராவில் போனபோது பேச்சித்தாய்க்கு நாலு வயசு. அவளைத் தோளில் தூக்கிச் சுமந்து, சோறு பிசைந்து ஊட்டி, வளர்த்து, கட்டிக்கொடுத்தவர் அவர்தான். அம்மை என்றாலும் அப்பன் என்றாலும் அவளுக்கு அண்ணன் முகம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அந்த அண்ணன் தன் மகள் கல்யாணத்துக்குத் தானே நின்று பாயசம் கிண்டினார். மிட்டாய்க்கடைக்காரர் மகள் கல்யாணத்தில் வேறு எவன் கரண்டி பிடிப்பான்? அச்சன்புதூரிலிருந்து வந்த சம்பந்தியம்மாள் பந்தியில் பேச்சித்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பாயசம் எப்படி இருக்கு என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டாள். நல்லா இருக்கு என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. இவள் சொன்னாள்: "அடிபிடிச்சிருக்கு. தெரியாம இருக்க ஏலத்தைக் கூடப் போட்டிருக்காவ."

அய்யாக்குட்டி அந்த நேரம் பார்த்துப் பாயசவாளியோடு பின்னால் நின்றார்.

அதோடு பேச்சு நின்றது. ஆறு வருஷம். கோயில் தேரோட்டத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்துவிட்டால் அவர் பக்கத்திலிருக்கிற விளக்குக் கம்பத்தைப் பார்த்து, 'அந்தா நிக்கிற பொம்பளைய நகரச் சொல்லுங்க, வடம் வருது' என்பார். பேச்சித்தாய் நகர்ந்துகொள்வாள். தன்னிடம் சொல்லவில்லையே என்று வீட்டுக்கு வந்து அழுவாள். அவள் அழுகிற ஆளா என்று கேட்டால், இந்த ஒரு விஷயத்துக்கு அழுகிற ஆள்தான்.

இப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம். அவள் மகள் உலகம்மைக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயம் ஆகிவிட்டது. தாய்மாமன் வந்து நிற்காமல் மணமேடையில் பெண்ணை எப்படி உட்கார வைப்பது? பேச்சித்தாய் வெற்றிலை பாக்கு வைத்து இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். இரண்டு தடவையும் தட்டு வைத்த மேனிக்குத் திரும்பி வந்தது. பாயசம் நல்லாத்தான் இருந்தது, நான்தான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல், ஓடி வருகிறேன் என்று அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார்.

சுடலைக்கண்ணு வாழ்க்கையில் முதல்தடவையாக வாயைத் திறந்து கெஞ்சினார். ஒரே ஒரு பொய், அதுவும் பழைய பாயசத்தைப் பற்றி, அதைத் தின்றவர்களுக்கே மறந்துபோயிருக்கும் என்றார். பேச்சித்தாய்க்குச் சொல்ல ஆசைதான். கொல்லைப்புறத்தில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தாள். 'பாயசம்' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வந்து, "அடிபிடிச்சது அடிபிடிச்சதுதாம்லா, நான் என்ன செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் டாக்டர் வந்து சேர்ந்தார்.

டாக்டர் தங்கசாமி சென்னையில் படித்தவர், பாளையங்கோட்டையில் வைத்தியம் பார்த்தவர். ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலத்தில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நாலு பெட்டி கண்ணாடிச் சாமானோடு வந்து இறங்கினார். அருவியில் குளிக்க வந்தவர் இல்லை. சிறுகுறிஞ்சான் கொடிக்காக வந்தவர். அந்த இலையை மென்றுவிட்டுச் சீனியைத் தின்றால் இனிக்காது, மணலைத் தின்கிற மாதிரி இருக்கும் என்று நம் ஆட்களுக்கு எல்லாம் தெரியும். வேலியில் படர்ந்து கிடக்கிற சமாச்சாரம். டாக்டருக்கு என்ன யோசனை என்றால், நாக்கிலிருந்து இனிப்பை எடுக்கிற இலை உடம்பிலிருந்தும் சர்க்கரையை எடுக்குமா, நீரிழிவுக்காரர்களுக்குக் கொடுக்கலாமா என்பதுதான். கொடுக்கும் முன்னால் எந்த இடத்து இலைக்கு வீரியம் அதிகம், எந்த மாதத்து இலை நல்லது என்று பார்த்துவிட வேண்டும். அதை அளக்கிற கருவி அவருடைய கண்ணாடிச் சாமான்களில் இல்லை. மனுஷ நாக்குதான் கருவி.

சுடலைக்கண்ணு ஐந்தருவிப் பக்கத்திலிருந்து கட்டுக்கட்டாக இலை கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் முதலில் தாமே மென்று பார்த்தார். சீனி மணலாயிற்று. ரொம்ப சந்தோஷம். ஆனால் தன் நாக்கு ஒன்றை வைத்துக்கொண்டு கட்டுரை எழுத முடியாது. ஆசைப்பட்டவன் நாக்கு ஆசைப்பட்ட மாதிரிதான் சொல்லும் என்று மற்ற டாக்டர்கள் சிரிப்பார்கள். அதனால் மேலகரத்திலிருந்து பத்துப் பேரை வரவழைத்தார். மாடத்தி, சொக்கம்மாள், அவர்கள் வீட்டு ஆம்பிளைகள், இன்னும் ஐந்தாறு பேர்.

பங்களாக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அங்கேதான் பாதி வேலை கெட்டது. நாற்காலியில் உட்கார்ந்தவுடன் அவர்கள் எல்லாரும் விருந்தாளிகள் ஆகிவிட்டார்கள். நாலு இலையை மென்று துப்பச் சொன்னார். வாயைக் கொப்பளிக்கச் சொன்னார். பிறகு தம் கையால், வெள்ளி ஸ்பூனால், பளபளவென்று வெள்ளைச் சீனியை ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் போட்டு, வாயில் போட்டதும், "இனிக்குதாம்மா?" என்று கேட்டார்.

மாடத்தி சொன்னாள்: "நல்லா இனிக்கி, டாக்டரய்யா."

சொக்கம்மாள் தேனாக இனிக்கிறது என்றாள். அவள் வீட்டுக்காரர், இந்த மாதிரிச் சீனியைத் தென்காசியிலேயே பார்த்ததில்லை என்றார். பத்துப் பேரும் அப்படியே. பத்து நிமிஷம் கழித்துக் கேட்டார், இருபது நிமிஷம் கழித்துக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் இனிப்பு கூடிக்கொண்டே போயிற்று. மறுநாளும் கூப்பிட்டார். மறுநாளும் தேன்தான்.

டாக்டர் நோட்டுப் புத்தகத்தில் பத்து நாக்குக்கும் பத்து முட்டை போட்டார். பிறகு சுடலைக்கண்ணுவைக் கூப்பிட்டு, வேறு ஏதாவது கொடி கலந்துவிட்டதா, நன்றாகப் பார்த்துத்தான் பறித்தீர்களா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் சுடலைக்கண்ணுவுக்குத் தாங்கவில்லை. சிறுகுறிஞ்சானுக்கும் வேற்றுக் கொடிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா அவர்? வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

பேச்சித்தாய் விஷயத்தைக் கேட்டாள். சேலையை இழுத்துச் செருகினாள். குற்றாலத்துக்கு நடையைக் கட்டினாள்.

சாரலில் நனைந்துகொண்டே பங்களாவுக்குள் போனவள், நாற்காலியைக் காட்டினதற்கு வேண்டாம் என்றாள். மேஜை மேல் கிடந்த கட்டிலிருந்து நாலு இலையைத் தானே பிய்த்து மென்றாள், வெளியே போய்த் துப்பினாள், வந்து சீனி டப்பாவைத் தானே திறந்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். டாக்டர் ஸ்பூனும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்னது, ஆத்து மணலா?" என்றாள் பேச்சித்தாய். "நறநறங்குது. எனக்கு இனிக்கல. அந்தப் பத்துப் பேருக்கும் இனிச்சிருக்காது. எங்க வீட்டுக்காரவுக இலையில ஒரு கொறையும் இல்ல."

டாக்டருக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டார். பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை சீனி கொடுத்துக் கேட்டார். மணல், மணல், மணல், கொஞ்சம் மணல், அரை இனிப்பு, முக்கால் என்று அவளும் பிசகாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு மணி நேரத்தில் முழுச் சீனி திரும்பி வந்தது. இத்தனை நாளில் இப்படி ஒரு நாக்கு அவருக்குக் கிடைத்ததில்லை. பிறகு பாவம், அவர் கேட்டார்: மற்றவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள்?

பேச்சித்தாய் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். இவ்வளவு படித்தவருக்கு இது தெரியவில்லையே என்று இருந்தது. "நீங்க பெரியவுக. நாக்காலி போட்டு, உங்க கையால சீனி குடுத்து, இனிக்கான்னு கேக்கிய. ஒருத்தர் வீட்டுல கைநீட்டி வாங்கித் தின்னுட்டு, இல்ல, உம்ம சீனி நல்லால்லன்னு எவன் சொல்லுவான்? நீங்க நாக்கைப் பத்திக் கேக்கியன்னு அவுகளுக்குத் தெரியாது. உபசாரத்தைப் பத்திக் கேக்கியன்னு நெனச்சிட்டாவ."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் என்னதான் செய்வது என்று அவளிடமே கேட்டார். இனிப்பு போகிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறேன் என்று விளக்கிச் சொல்லிவிட்டுக் கேட்டால் இனிக்காதவனும் இனிக்கவில்லை என்பான், இனித்தவனும் இனிக்கவில்லை என்பான். டாக்டர் சந்தோஷப்பட்டால் போதும் என்பான். ஆகையால் அதுவும் சரிப்படாது.

பேச்சித்தாய் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் குடுக்கேன்" என்றாள். "என் கையால குடுத்தா ஒரு பய கூச்சப்பட மாட்டான். நல்லால்லன்னா மூஞ்சிக்கு நேராவே சொல்லுவான்."

எதனால் என்று டாக்டர் கேட்டார். அதனால் என்ன, சொல்லுவார்கள் என்று மட்டும் சொன்னாள்.

டாக்டர் இந்தத் தடவை ஜாக்கிரதையாக இருந்தார். இலையை அரைத்துச் சுண்டைக்காய் அளவு உருண்டை பிடித்தார். இன்னொரு கசப்பு இலையையும் அதே மாதிரி அரைத்து, அதே நிறத்தில் உருட்டினார். அதற்கு இனிப்பை எடுக்கிற குணம் கிடையாது. இரண்டு டப்பா, எந்த டப்பாவில் எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்குக்கூடச் சொல்லமாட்டேன் அம்மா, தப்பாக நினைக்க வேண்டாம் என்றார். அதுதான் நல்லது, தெரிந்தால் நான் சொல்லிவிடுவேன் என்றாள் அவள்.

செய்தி தென்காசி வரைக்கும் போயிற்று. பேச்சித்தாய் கையால் சீனி வாங்கித் தின்னலாம், நன்றாக இல்லை என்றால் அவள் முகத்துக்கு நேரே சொல்லலாம், டாக்டர் அதை எழுதிவேறு வைத்துக்கொள்கிறார். இதைவிட என்ன வேண்டும்? சனிக்கிழமை காலையில் பங்களா வாசலில் திருவிழாக் கூட்டம். சாரலைக்கூடப் பார்க்காமல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

மாடத்தி முதல் ஆள். உருண்டையை மென்றாள், துப்பினாள், கொப்பளித்தாள். பேச்சித்தாய் ஒரு சிட்டிகை சீனி அவள் கையில் போட்டாள். மாடத்தி அதை வாயில் போடுகிறதற்கு முன்பே முகத்தைச் சுளித்துவிட்டாள். "சீ, இனிக்கவே இல்ல. மண்ணு" என்றாள். சொக்கம்மாள் இரண்டாவது. இனிப்பும் இல்லை, ஒரு இழவும் இல்லை, இதையெல்லாம் மனுஷன் தின்பானா என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். பீர் மைதீன் கடையைப் பூட்டிவிட்டே வந்திருந்தார். சீனியை விரலால் நசுக்கிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, நாக்கில் வைத்து, "போன வருசத்து சரக்கு மாதிரி இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பேச்சித்தாயும் சிரித்தாள்.

ஏழாவது எட்டாவது ஆள் வரைக்கும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு முகமும் தன்னைப் பார்த்துக்கொண்டே 'நல்லால்ல' என்று சொல்லுகிறபோது பாரம் இறங்கின மாதிரி ஒரு தெளிவு வருவதை அவள் பார்த்தாள். இவ்வளவு பேர் இவ்வளவு நாளாக இதை வயிற்றில் வைத்துக்கொண்டா இருந்தார்கள்? இடையில் ஒருதடவை டப்பாவிலிருந்து கொஞ்சம் சீனி எடுத்து வாயில் போட்டுப் பார்த்தாள். இனிக்கத்தான் செய்தது. ஆனாலும் மனசு கசந்தது.

டாக்டரோ வேறு உலகத்தில் இருந்தார். முதல் பன்னிரண்டு பேரும் இல்லை என்றதும் யாருக்கு எந்த டப்பா என்று பார்க்கவே தோன்றவில்லை, தரையில் கால் பாவவில்லை. இருபத்திரண்டாவது ஆள் போனதும் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். முகம் தொங்கிவிட்டது. அந்த இருபத்திரண்டில் பதினோரு பேர் தின்றது ஒன்றுக்கும் உதவாத மற்ற டப்பா உருண்டை. அவர்களுக்குச் சீனி கட்டாயம் இனித்திருக்க வேண்டும். போன வாரம் இனிக்காததை இனிக்கிறது என்ற ஊர், இந்த வாரம் இனித்ததை இனிக்கவில்லை என்கிறது. தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் வாசலில் சலசலப்பு கேட்டது. கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. அய்யாக்குட்டி வருகிறார்.

வெளுத்த வேட்டி, தோளில் புதுத் துண்டு, பின்னால் தென்காசிக் கடைத்தெருவில் பாதி. வேறு யாருக்கு இருக்கிறதோ இல்லையோ, உமக்கு உரிமை உண்டு அண்ணாச்சி, ஆறு வருஷக் கடன் தீர்த்துவிட்டு வாரும் என்று அவர்கள்தான் கிளப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். அவரும் வருகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பார். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

பேச்சித்தாய் கையிலிருந்த சீனி தரையில் கொட்டியது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் இவ்வளவு பக்கத்தில் நிற்கிறார். நன்றாக இல்லை என்றுதான் சொல்லப் போகிறார், சொல்லட்டும். காறித் துப்பினாலும் துப்பட்டும். என்னைப் பார்த்துத்தானே சொல்லவேண்டும், விளக்குக் கம்பத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதே என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் உருண்டை எடுத்துக் கொடுத்தார். அய்யாக்குட்டி மென்றார், துப்பினார், கொப்பளித்தார். கையை நீட்டினார். பேச்சித்தாய் ஒரு சிட்டிகை சீனியைப் போட்டாள். விரல் அவர் கையில் பட்டது.

மற்றவர்கள் மாதிரி அவர் அள்ளி வாயில் போட்டுக்கொள்ளவில்லை. பாகுப் பதம் பார்க்கிற ஆள் அல்லவா? நாக்கு நுனியில் வைத்தார், மேலண்ணத்தில் ஒட்டினார், கண்ணை மூடிக்கொண்டார். சொக்கம்மாள் முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அய்யாக்குட்டி கண்ணைத் திறந்தார். வாயைத் திறந்தார். மூடினார். பின்னால் திரும்பித் தன்னைக் கூட்டி வந்தவர்களை ஒருதரம் பார்த்தார். மறுபடி வாயைத் திறந்தார்.

"இனிக்கி" என்றார்.

டாக்டர் நோட்டைப் பார்த்தார். நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், இருபத்திரண்டு பேர் இனிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள் என்றார். அதைக் கேட்டதும் அய்யாக்குட்டிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"நாப்பது வருசமாச் சீனிக்குள்ள கெடக்கேன் டாக்டரய்யா. இனிக்குன்னா இனிக்கி. இத இனிக்கலன்னு எந்தப் பய சொன்னான்? நல்ல சீனி. ஒரு கொறையும் கெடையாது."

மாடத்தி வானத்தைப் பார்த்தாள். பீர் மைதீனுக்குக் கடை திறக்கிற ஞாபகம் வந்துவிட்டது. டாக்டர் தலைகால் புரியாமல் எழுந்து நின்று, சரி, ரொம்பச் சரி, நீங்கள் தின்றது குறிஞ்சான் இல்லை, காலையிலிருந்து நாக்கைக் கேட்டுச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த ஊரில் இரண்டு நாக்கு அகப்பட்டுவிட்டது, இந்த இரண்டு நாக்கு போதும் எனக்கு என்றார். அந்த இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்தவை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

டாக்டர் சொன்னது ஒன்றும் பேச்சித்தாய் காதில் விழவில்லை. இனிக்கி என்றது டாக்டரைப் பார்த்துத்தான். கோபப்பட்டதும் டாக்டரிடம்தான். தன்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. இனி அண்ணன் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விடுவார் என்று அவளுக்குத் தெரிந்தது. டப்பாவின் மூடியை மூடப் போனாள். மூடி பொருந்தவில்லை. திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி பேச்சி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் இனிக்கலன்னு சொல்லணும்னுதான் வந்தேன்" என்றார் அய்யாக்குட்டி. சத்தம் இறங்கிப் போயிருந்தது. "வழியெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் வந்தேன். வாய்க்குள்ள நிக்கி, வெளிய வரமாட்டேங்கு. ஒனக்கும் இப்படித்தான் இருக்குமாட்டி?"

ஊரில் யார் என்ன கேட்டாலும் கேட்டு முடிக்கும் முன் பதில் சொல்லுகிறவளுக்கு இப்போது நாக்கு எழும்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிற்று.

"உலகம்மைக்கு முகூர்த்தம் என்னைக்கி?"

அதற்கும் அவளால் சொல்ல முடியவில்லை. இலைக்கட்டுப் பக்கத்தில் நின்ற சுடலைக்கண்ணுதான் ஆவணி பன்னெண்டு, புதன்கிழமை என்றார். அய்யாக்குட்டி சரி என்றார். முந்தின நாளே வந்துவிடுகிறேன், மாமன் சீரை மூணு வருஷத்துக்கு முன்னாலேயே எடுத்துப் பெட்டியில் வைத்தாயிற்று என்றார்.

பேச்சித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அண்ணனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆறு வருஷமாகத் தள்ளி நின்று பார்த்த ஆளை இப்போதுதான் பக்கத்தில் பார்க்கிறாள். கழுத்தெலும்பு தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சுடலைக்கண்ணு அவள் முகத்தைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டு வேண்டாம், வேண்டாம் என்று கையைக் காட்டினார். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"ரொம்ப எளைச்சுப் போயிட்டண்ணே" என்றாள். "பாக்க நல்லாவே இல்ல."

போச்சு, எல்லாம் போச்சு என்று சுடலைக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டார்.

அய்யாக்குட்டி துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

"கடைக்கு வாரவன் எல்லாம், அண்ணாச்சிக்கு என்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கியங்கான்" என்றார். "எனக்கே தெரியுது, ராத்திரி தூக்கம் இல்ல, சோறு எறங்கல. ஆறு வருசமா இத எங்கிட்டச் சொல்ல ஒரு ஆளு இல்லட்டி."

பேச்சித்தாய் சீனி டப்பாவை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு, சோறு ஆக்கி வைத்திருக்கிறது, ஆனால் குழம்பில் இன்றைக்கு உப்பு கூடிவிட்டது என்று சொல்லி அண்ணனை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.